க்ரைம் தொடர்களில் கத்தோலிக்கர்கள்: உள்ளே போவதைக் காட்டுகிறார்கள், வெளியே வருவதை ஏன் காட்டுவதில்லை?

முத்துநகரான் எழுதியது:

என் அப்பா உபதேசியார், கத்தோலிக்கக் கோயிலில் குருவுக்கு உதவியாக இருந்து செபம் சொல்லிக்கொடுப்பவர். சின்ன வயதில் சனிக்கிழமை சாயங்காலமானால் நான் கோயிலில்தான் இருப்பேன். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு, அதாவது குருவிடம் பாவங்களை ரகசியமாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் மரக்கூண்டுக்கு, முன்னால் வரிசை நிற்கும். மீன் விற்கிற ஆச்சி ஒருவர் வாராவாரம் வருவார். முழங்கால் போட்டு, தலையில் முக்காடு இழுத்து, மெல்லிய குரலில் நெடுநேரம் பேசுவார். எழுந்து வந்து பீடத்துக்கு முன்னால் சாமியார் பரிகாரமாகச் சொன்ன செபங்களைச் சொல்லி முடிப்பார். அப்புறம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பக்கத்தில் நிற்பவரிடம் "நெத்திலி இன்னிக்கி என்ன விலை போச்சு?" என்று கேட்பார். உள்ளே போன முகமும் வெளியே வந்த முகமும் ஒன்றல்ல. அதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இருபது வருடமாக க்ரைம் தொடர்கள் பார்க்கிறேன். கத்தோலிக்கப் பாத்திரம் வந்தால் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இருட்டுக் கோயில், எரியும் மெழுகுவர்த்திகள், மரச்சட்டகத்தின் ஓட்டை வழியாகக் கோடு கோடாக விழும் வெளிச்சம், அழுகிற ஆண். காட்சி அங்கேயே வெட்டப்படும். அவனுக்குப் பாவப்பொறுத்தல் கிடைத்ததா, பரிகாரமாக என்ன செய்தான், மறுநாள் காலையில் எப்படி எழுந்தான் என்று எவரும் காட்டுவதில்லை.

2015ல் வந்த டேர்டெவில் தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் வக்கீலாகவும் இரவில் முகமூடி போட்டுக் குற்றவாளிகளை அடிப்பவனாகவும் இருக்கிற மாட் மர்டாக் பெரியவனாக வரும் முதல் காட்சியே பாவசங்கீர்த்தனம்தான். செய்த பாவத்துக்கு அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, இனிமேல் செய்யப்போவதற்குக் கேட்கிறான். ஃபாதர் லாண்டம், இது அப்படி நடக்கிற விஷயம் இல்லையப்பா என்று சொல்லிவிடுகிறார். மிகச் சரியான பதில். மனஸ்தாபம், அதாவது செய்த பாவத்துக்காக மனம் வருந்துதல், இல்லாத இடத்தில் மன்னிப்பு இல்லை என்பதை ஞானோபதேச வகுப்பில் முதல் வருடமே சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அந்தத் தொடர் பிடிக்கும். ஆனால் மூன்று சீசனிலும் மர்டாக்குக்கு விசுவாசம் என்பது சுமக்கிற பாரமாகத்தான் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அது இளைப்பாறுதலாக இல்லை.

கத்தோலிக்கராக இருப்பது என்றால் குற்ற உணர்ச்சி மட்டும்தானா? உங்களுக்கு எப்படிப் படுகிறது?

மழைக்காகம் எழுதியது:

நான் கிறிஸ்தவன் இல்லை, சேசு சபை என்கிற கத்தோலிக்கத் துறவியர் சபையின் கல்லூரியில் படித்தவன் என்ற அளவில்தான் தொடர்பு. நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் எழுதுகிறவர்கள் பக்கத்தையும் பாருங்கள். க்ரைம் கதைக்குக் குற்ற உணர்ச்சிதானே எரிபொருள்? நிம்மதியாக வீட்டுக்குப் போகிற போலீஸ்காரனை வைத்து என்ன கதை சொல்வது? எஸ்.வி.யூ. என்கிற அமெரிக்கப் போலீஸ் தொடரின் டிடெக்டிவ் எலியட் ஸ்டேப்ளர் 1999லிருந்து பன்னிரண்டு சீசன் நின்றது அவருடைய கோபத்தினால்தான். ஐந்து பிள்ளைகள், உடைகிற குடும்பம், மனசுக்குள் மதம். அந்த மூன்றையும் எடுத்துவிட்டால் அவர் யாரோ ஒரு டிடெக்டிவ்.

முத்துநகரான் எழுதியது:

மனசுக்குள் மதம் என்றீர்களே, அதுதான் என் குறை. ஸ்டேப்ளரின் மதம் மனசுக்குள் மட்டும்தான் இருக்கிறது. ஐந்து பிள்ளைகள் இருக்கிற கத்தோலிக்க வீட்டில் ஞானஸ்நானம், புதுநன்மை, உறுதிபூசுதல் என்று வருடத்துக்கு ஒன்றாவது வரும். புதுநன்மைக்கு வெள்ளைச் சட்டை எடுப்பதே எங்கள் வீட்டில் ஒரு மாதப் பேச்சு. அவர் கோபத்துக்குக் காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் மதம் வருகிறது, வேலை முடிந்ததும் போய்விடுகிறது.

ஒரு கத்தோலிக்கப் போலீஸ் குடும்பத்தைப் பற்றிய ப்ளூ பிளட்ஸ் 2010லிருந்து 2024 வரை ஓடியது. போலீஸ் தொடராக அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேசையைச் சுற்றி நான்கு தலைமுறை உட்கார்ந்து, சாப்பாட்டுக்கு முன் செபம் சொல்லிவிட்டு, உடனே சண்டை போட ஆரம்பிப்பார்கள். அந்த அவசரச் செபம் உண்மை. எங்கள் வீட்டிலும் "ஆமென்" சொல்லி முடிப்பதற்குள் யாராவது பொரித்த மீனை எடுத்திருப்பார்கள்.

பழையகேசட் எழுதியது:

இந்த இழையில் ஃபிராங்க் பெம்பிள்டன் பெயர் இன்னும் வராதது எனக்கு ஆச்சரியம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹோமிசைட்: லைஃப் ஆன் தி ஸ்ட்ரீட், என்.பி.சி., 1993 முதல் 1999 வரை. பால்டிமோர் நகரக் கொலைப் பிரிவைப் பற்றிய தொடர். அதில் பெம்பிள்டன் சேசு சபையினரிடம் படித்த கறுப்பினக் கத்தோலிக்கர். நடித்த ஆந்த்ரே பிராவரும் சிகாகோவில் சேசு சபைப் பள்ளியில் படித்தவர். தொடரின் முக்கிய எழுத்தாளர் டாம் ஃபொன்டானாவும் அவர்களிடம் படித்தவர்தான். அது திரையில் தெரிகிறது. பெம்பிள்டனுக்கு மதம் அழுகையாக வருவதில்லை, வாதமாக வருகிறது. கடவுளிடமே குறுக்கு விசாரணை செய்கிற ஆள் அவர்.

பால்டிமோர் தற்செயலான ஊரும் இல்லை. அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க மறைமாவட்டம் 1789ல் அமைந்தது அங்கேதான். கறுப்பினப் பெண்களுக்காகத் தொடங்கப்பட்டு நிலைத்த முதல் கன்னியர் சபையும் 1829ல் அங்கேதான் பிறந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் கத்தோலிக்கர் என்றால் ஐரிஷ் போலீஸ், இத்தாலிய மாஃபியா, இல்லாவிட்டால் கையில் மாதா படம் பச்சை குத்திய மெக்சிகோ ரவுடி. கறுப்பினக் கத்தோலிக்கர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்குத் தெரியாத காலத்தில் பெம்பிள்டனை நடுநாயகமாக வைத்தார்கள்.

1993ல் வந்த ஒரு பகுதி. 11 வயதுச் சிறுமி அடினாவின் கொலை. சந்தேகப்படும் ஆள் குதிரை வண்டியில் பழம் விற்கும் கிழவர். கிட்டத்தட்ட முழுப் பகுதியும் ஒரே அறையில் நடக்கிறது. அவர்கள் அதை 'பாக்ஸ்' என்பார்கள். பெம்பிள்டனும் கூட வேலை பார்க்கிற டிடெக்டிவ் பேலிஸும் மாறி மாறி அந்தக் கிழவரைக் கரைக்கப் பார்க்கிறார்கள். மேசையைத் தட்டுகிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து காதோடு பேசுகிறார்கள், நண்பனைப்போல் கெஞ்சுகிறார்கள். நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் கிழவர் எதை ஒப்புக்கொள்கிறார் தெரியுமா? கொலையை அல்ல. அந்தச் சின்னப் பெண்ணிடம் தனக்கு இருந்த, வெளியே சொல்லக் கூடாத ஆசையை. அறைக்குள்ளிருந்து வந்தது பாவசங்கீர்த்தனம், வாக்குமூலம் அல்ல. போலீஸுக்கு அது எதற்கும் உதவாது. அவரை விட்டுவிட வேண்டியதாகிறது.

முத்துநகரான் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். பெம்பிள்டனும் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து பிறர் பாவத்தைக் கேட்கிறார். ஆனால் அவரிடம் மன்னிக்கிற அதிகாரம் இல்லை. கேட்டதை எல்லாம் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். மூன்றாவது சீசனின் முதல் மூன்று பகுதிகளில் ஏழைகளுக்காக உழைத்த ஒரு கத்தோலிக்கப் பெண் கொலையாகிறாள். அந்த வழக்குதான் அவருடைய விசுவாசத்தை ஆட்டிவிடுகிறது. குற்ற உணர்ச்சி ஆட்டவில்லை. நீதி எங்கே என்ற கேள்விதான் ஆட்டுகிறது. நல்லவன் ஏன் துன்பப்படுகிறான் என்று கேட்கிற, பைபிளின் யோபு ஆகமத்தின் கேள்வி அது.

கருப்புக்கோட்டு எழுதியது:

தொழில் முறையில் வழக்கறிஞர், பிறப்பால் கத்தோலிக்கர். பாவசங்கீர்த்தன ரகசியத்தைத் தொடர்கள் பந்தாடுகிற விதம் எனக்குப் பொறுக்காத ஒன்று, அதனால் எழுதுகிறேன்.

திருச்சபைச் சட்டம் 983: கேட்டதைக் குரு சொல்லாலோ வேறு எந்த வகையிலோ எந்தக் காரணத்துக்காகவும் காட்டிக்கொடுக்கக் கூடாது. 984: கேட்டதை வைத்து அந்த ஆளுக்குப் பாதகமாக எதுவும் செய்யக்கூடாது, விஷயம் வெளியே தெரியாவிட்டாலும் சரி. நேரடியாக மீறினால் தானாகவே சபைநீக்கம். 2021 திருத்தத்துக்கு முன் அது 1388ஆம் சட்டம், இப்போது 1386.

தொடர்களில் என்ன நடக்கிறது? டிடெக்டிவ் கோயிலுக்குள் வருவார். குரு "என்னால் சொல்ல முடியாது" என்பார். அப்புறம் ஒரு பார்வை, ஒரு பெருமூச்சு, கண்ணால் ஒரு திசை காட்டல். டிடெக்டிவுக்குப் புரிந்துவிடும், நாமும் குருவின் சாமர்த்தியத்தை மெச்சுவோம். அந்தப் பார்வையே மீறல். 'வேறு எந்த வகையிலும்' என்று சட்டத்தில் எழுதியிருப்பது அதற்காகத்தான்.

இன்னொன்று இன்னும் அதிகம் வரும். "போலீஸில் சரணடை, அப்போதுதான் பாவமன்னிப்பு" என்று குரு சொல்வது. இது கூடாது என்று வத்திக்கானில் இந்த விஷயங்களைக் கவனிக்கும் மன்றம் 2019ல் வெளியிட்ட குறிப்பிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சரணடையும்படி வற்புறுத்தலாம், கூடவே வருகிறேன் என்று சொல்லலாம், மன்னிப்புக்கு அதை நிபந்தனையாக்கக் கூடாது. எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்திருந்தால் எவ்வளவு நல்ல காட்சி கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கொலைகாரன் உண்மையாகவே மனம் வருந்துகிறான். குரு மன்னிப்புக் கொடுத்தே ஆக வேண்டும். வெளியே நிரபராதி ஒருவன் சிறையில் இருக்கிறான். குருவின் கையில் கெஞ்சுவதைத் தவிர எதுவும் இல்லை. இதைவிட இறுக்கமான கட்டு வேண்டுமா?

நாட்டுச் சட்டம் தனி. அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் குருவிடம் சொன்னதற்கு ஏதோ ஒரு வகைப் பாதுகாப்பு உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2019ல் சட்டம் கொண்டுவந்து, சிறார் மீதான கொடுமையைப் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டாலும் புகார் செய்ய வேண்டும் என்றாக்கியது. நம் நாட்டுச் சாட்சியச் சட்டத்தில் வழக்கறிஞருக்கும் கணவன் மனைவிக்கும் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. குருவுக்கு அப்படித் தனிப் பிரிவு கிடையாது. 2023ல் வந்த புதிய சட்டத்திலும் இல்லை.

அப்புறம், காபி குடித்துக்கொண்டு பேசுவது பாவசங்கீர்த்தனம் ஆகாது. டேர்டெவிலில் லாண்டம் ஃபாதர் கோயிலின் கீழ்த்தளத்தில் லாட்டே போட்டுக் கொடுத்துப் பேசுவாரே, எனக்குப் பிடித்த காட்சி அது. அங்கே அவர் நீதிபதி இல்லை, மருத்துவரும் இல்லை, பக்கத்து வீட்டுப் பெரியவர். நல்ல பங்குத்தந்தை எவரும் பாதி வேலையைத் தொட்டிக்கு வெளியேதான் செய்கிறார்.

இரவுப்பணி எழுதியது:

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். ஒன்றை யாரும் தொடவில்லை, நானே தொடுகிறேன்.

குருக்கள் பிள்ளைகளைப் பாலியல் கொடுமை செய்ததையும் அது மறைக்கப்பட்டதையும் 2002 ஜனவரியில் பாஸ்டன் குளோப் பத்திரிகை வெளியிட்ட பிறகு அமெரிக்கக் க்ரைம் தொடர்களில் குரு வந்தாலே சந்தேகத்துக்குரிய ஆள் என்றாகிவிட்டது. நம் ஆட்கள் பலர் இதை அவதூறு என்கிறார்கள். ஆயர்களே (பிஷப்புகளே) கேட்டு வாங்கிய ஜான் ஜே அறிக்கை 2004ல் வந்தது. 1950 முதல் 2002 வரை 4,392 குருக்கள் மீது குற்றச்சாட்டு, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். 2018ல் பென்சில்வேனியா பெரு நடுவர் குழு 300க்கு மேற்பட்ட குருக்களைச் சொன்னது. இதற்குப் பிறகும் தொலைக்காட்சிக்காரர்கள் நம்மைக் கேவலப்படுத்துகிறார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்கு நெருங்கிய ஒருவர் பள்ளி வயதில் இப்படி ஒன்றைக் கடந்து வந்தவர். எந்த ஊர், எந்த நிறுவனம் என்பதெல்லாம் வேண்டாம். அவர் இந்த வகைக் காட்சிகளைப் பார்ப்பார். தீய குருவைக் காட்டுவது அவரைப் புண்படுத்துவதில்லை. ஒரு தடவை என்னிடம் சொன்னார்: "கெட்டவனைக் காட்டட்டும். ஆனா அம்பதாவது நிமிஷத்துல கைது பண்ணி முடிச்சிடறாங்க. எனக்கு அப்படி முடியலையே." அவர் இன்னும் பூசைக்குப் போகிறார், பின்வரிசையில் தூணோரம் உட்காருவார். பூசையில் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சமாதானம் கூறும்போது மட்டும் யார் முகத்தையும் பார்க்கமாட்டார். காயப்பட்ட பிறகும் கோயிலை விட்டுப் போகாதவர்கள், அது ஏன் என்று அவர்களுக்கே சொல்லத் தெரியாதவர்கள். அப்படி ஒரு பாத்திரத்தை எந்தத் தொடராவது பொறுமையாகக் காட்டியிருந்தால் சொல்லுங்கள், பார்க்கிறேன்.

முத்துநகரான் எழுதியது:

அக்கா, நான் முதல் பதிவில் இதைத் தொடாமல் விட்டது தவறு. வெளியே வரும் முகம் என்று அவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன். உள்ளே போகவே பயப்படுகிறவர்களும் அதே வரிசையில் நின்றிருப்பார்கள். நீங்கள் கேட்ட பாத்திரம் எனக்கும் நினைவுக்கு வரவில்லை.

வடலி எழுதியது:

லண்டனிலிருந்து எழுதுகிறேன், ஊர் யாழ்ப்பாணம். நீங்கள் எல்லாரும் அமெரிக்காவையே பேசுகிறீர்கள், இங்கே கதை வேறு.

துப்பறியும் குருவைப் பற்றிய ஃபாதர் பிரவுன் தொடரை எடுத்துக்கொள்வோம். பி.பி.சி.யில் 2013லிருந்து போகிறது, மார்க் வில்லியம்ஸ் நடிக்கிறார். கதை 1950களின் இங்கிலாந்துக் கிராமம். அந்த அழகான பழைய கல் கோயில் பிளாக்லி என்ற ஊரில் இருக்கிறது, உண்மையில் அது ஆங்கிலிக்கன் கோயில், அதாவது கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த இங்கிலாந்துத் திருச்சபையின் கோயில். கிராமத்து நடுவில் நிற்கிற இடைக்காலக் கோயில்கள் பதினாறாம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்கர் கையை விட்டுப் போய்விட்டன. 1829ல் உரிமைகள் திரும்பிய பிறகுதான் கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள், அதுவும் ஓரத்துத் தெருக்களில். தொடரில் ஊரே கத்தோலிக்க ஊர் மாதிரி இருக்கிறது. சிறுபான்மையாக இருப்பதன் கூச்சமும் பிடிவாதமும் காணாமல் போய்விட்டன. ஃபாதர் பிரவுனை உருவாக்கிய செஸ்டர்டன் 1910ல் எழுதிய முதல் கதையில் அந்தக் குட்டைச் சாமியாரை யாரும் பொருட்படுத்துவதில்லை, அதுதான் அவருடைய பலமே. நாள் முழுக்க மனுஷருடைய உண்மையான பாவங்களைக் கேட்கிறவனுக்குத் தீமை தெரியாமலா இருக்கும் என்று திருடனிடமே கேட்பார். முத்துநகரான் சொன்ன தொட்டி அங்கே பாரமாக இல்லை, அறிவாக இருக்கிறது.

நான் சொல்ல வந்தது ப்ளூ லைட்ஸ் பற்றி. 2023ல் தொடங்கியது, கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் என்று பிரிந்து கிடக்கிற வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரப் போலீஸ் பற்றியது. அதில் ஆனி என்கிற புதுப் பொலிஸ்காரி கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் அழுவதில்லை. அவளுடைய பிரச்சினை, தான் என்ன வேலை பார்க்கிறாள் என்று சொந்த ஊரில் மறைக்க வேண்டியிருப்பது. அங்கே ஐரிஷ் விளையாட்டுச் சங்கம் போலீஸாரைச் சேர்ப்பதில்லை என்ற விதியை 2001 வரைக்கும் வைத்திருந்தது. பழைய போலீஸில் கத்தோலிக்கர் மிகக் குறைவு. அதனால் 2001லிருந்து பத்து வருடம் பாதிக்குப் பாதி கத்தோலிக்கர் என்று ஆள் எடுத்தார்கள். இதெல்லாம் தெரிந்தால்தான் அவள் சீருடையைப் பைக்குள் வைக்கிற விதம் புரியும். பெயரைக் கேட்டதும், எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டதும், எதிரில் நிற்பவன் உன்னை ஒரு பக்கத்தில் போட்டுவிடுகிற இடம் அது. எங்களுக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அங்கே கத்தோலிக்கம் என்பது மனசின் நோய் அல்ல. நீ எந்தத் தெருவுக்கு இரவில் நடந்து போகலாம் என்கிற கணக்கு.

மழைக்காகம் எழுதியது:

வடலி, ப்ளூ லைட்ஸ் பார்க்கிறேன், நன்றி.

ஒரு சந்தேகம். பிரேக்கிங் பேட் மூன்றாவது சீசன் தொடக்கத்தில் இரண்டு சகோதரர்கள் மண்ணில் ஊர்ந்துபோய் ஒரு எலும்புக்கூட்டு அம்மனிடம் வேண்டுவார்களே, அது கத்தோலிக்கமா?

கருப்புக்கோட்டு எழுதியது:

இல்லை. அது சாண்டா முயெர்த்தே, மெக்சிகோவில் பரவிய மரண வழிபாடு. வத்திக்கானின் கர்தினால் ராவாசி 2013ல் அதைத் தெய்வ நிந்தனை என்றே சொன்னார். மெழுகுவர்த்தி, பூ, நேர்த்திக்கடன் எல்லாம் நம் பழக்கத்திலிருந்து எடுத்தது, அதனால் குழப்பம் வருகிறது.

மழைக்காகம் எழுதியது:

நன்றி. இப்போது என் பழைய கருத்தையே கொஞ்சம் மாற்றிக்கொண்டு வருகிறேன். குற்ற உணர்ச்சிதான் எரிபொருள் என்றேன் அல்லவா? நேற்று தி சோப்ரானோஸ் திரும்பப் பார்த்தேன், டோனி என்கிற மாஃபியாக்காரனின் கதை. 1999ல் வந்த முதல் சீசனில் டோனி வெளியூரில் ஒருவனைக் கழுத்தை நெரித்துக்கொல்கிற அதே இரவில், வீட்டில் அவன் மனைவி கார்மெலா, ஃபாதர் ஃபில்லிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறாள். இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தும் பிள்ளைகளுக்காகக் கண்ணை மூடிக்கொண்டேன் என்று அழுகிறாள். அவர் மன்னிப்புக் கொடுத்து, வரவேற்பறையிலேயே நற்கருணையும் கொடுக்கிறார். அதாவது முத்துநகரான் கேட்ட பாவப்பொறுத்தல் அங்கே இருக்கிறது! ஆனால் மறுநாள் எதுவும் மாறவில்லை. அதே வீடு, அதே பணம்.

மூன்றாவது சீசனில் ஒரு மனநல மருத்துவர், அவர் யூதர், நேரடியாகச் சொல்கிறார்: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறு, இது ரத்தப் பணம், உன் கட்டணம்கூட எனக்கு வேண்டாம். அவள் அப்புறம் நைஜீரியாவிலிருந்து வந்து படிக்கிற ஒரு குருவிடம் போகிறாள். அவர், கணவனின் நல்ல பக்கம் சம்பாதிப்பதை வைத்து வாழப் பழகு என்கிறார். அவளுக்கு எது சௌகரியம் என்று சொல்லவே வேண்டாம். எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் குரு கெட்டவர் இல்லை. திருமணத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் அவள் இன்னும் பல வருடம் குடியிருப்பாள்.

முத்துநகரான் எழுதியது:

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பாவப்பொறுத்தலைக் காட்டுங்கள் என்று நான் கேட்க, காட்டிய ஒரே தொடர் அதை இவ்வளவு வலிக்கிற மாதிரிக் காட்டியிருக்கிறது. பரிகாரம் இல்லாத மன்னிப்பு. கார்மெலா எழுந்து வந்து செருப்பு மாட்டுவதில்லை, அதே மெத்தையில் உட்கார்ந்துவிடுகிறாள்.

பழையகேசட் சொன்ன அடினா பகுதியை நேற்று இரவு பார்த்து முடித்தேன். கொலைப் பிரிவுச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. தீராத வழக்கின் பெயர் சிவப்பில், தீர்ந்தது கறுப்பில். அடினாவின் பெயர் சிவப்பிலேயே நிற்கிறது. அதைப் பார்த்ததும் அப்பாவின் நவம்பர் நோட்டு நினைவுக்கு வந்தது. இறந்தோர் மாதத்தில் வீடு வீடாக வந்து கொடுக்கிற பெயர்களை அவர் அதில் எழுதுவார். கடலில் போனவர்கள், பிரசவத்தில் போனவர்கள், பெயர் வைக்காமலே போன குழந்தைகள். பூசையில் ஒன்றுவிடாமல் வாசிப்பார்கள். நேரம் ஆகும், எவரும் எழுந்து போகமாட்டார்கள். இத்தனை பிணங்களைக் காட்டுகிற தொடர்களில், இத்தனை கத்தோலிக்க டிடெக்டிவ்கள் இருந்தும், செத்தவர்களுக்காக ஒரு பூசை வைக்கச் சொல்லி ஐந்து ரூபாய் கொடுத்தவர் யாராவது உண்டா?

பழையகேசட் எழுதியது:

எனக்குத் தெரிந்து இல்லை.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அடினா முழுக்கக் கற்பனை அல்ல. 1988ல் பால்டிமோரில் கொல்லப்பட்ட 11 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கிலிருந்து வந்த கதை. தொடருக்கு அடிப்படையான புத்தகத்தில் அந்த வழக்கு விரிவாக இருக்கிறது. அது தீரவே இல்லை.

முத்துநகரான் எழுதியது:

அப்பா இப்போது இல்லை, நோட்டை வேறொருவர் எழுதுகிறார். வரும் நவம்பரில் எங்கள் வீட்டுப் பெயர்களோடு 'பால்டிமோர் சிறுமி' என்று ஒரு வரி சேர்த்துக் கொடுக்கிறேன். வாசிக்கிறவர் யார் இது என்று கேட்டால் இந்த இழையைக் காட்டுகிறேன்.